பாசறைக் குடிநீரும் புவியீர்ப்பு வடிகட்டியும்

எமது கல்லூரிச் சாரணர் வன்னிப் பகுதியிற் பாசறை அமைக்கப் புறப்படுங் காலங்களிற் பெற்றோர் எம்மிடம் வினவுவன பல. யானையையும் பாம்பையும் பற்றி வினவுவோர் பெரும்பாலுந் தந்தையர். “பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள், ஐயா?” என வினவுவோர் தாய்மார். இவ்விரு சாராருள் தாய்மாரின் அச்சமே பொருளுடையது என்பது எமது துணிபு. யானை கூடாரத்துக்கு வருவது அருமை; தண்ணீரோ நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றினுள்ளும் செல்வது.

தமிழாசிரியர் நீரியல் பேச வந்தது ஏனெனச் சிலர் நகைத்தல் கூடும். பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்வோர் எப்பாடத்துக்கு ஆசிரியராயினும் இதனை அறிந்தேயாகவேண்டும். ஆதலின் இந்த மலரில் நூலாராய்ச்சி ஒன்றை எதிர்பார்த்த பழைய மாணவர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். மாணவர் 24 பேர், ஆசிரியர் இருவர், ஆக 26 பேர். வெயிலில் நடந்தும் விறகு சுமந்தும் உழைக்கும் ஒருவனுக்கு நாளொன்றுக்குக் குடிப்பதற்கு மாத்திரம் 3 லீற்றர் வேண்டும். 26 பேருக்கும் 78 லீற்றர். சோறுங் கறியும் ஆக்கும் நீர் அடுப்பிலே கொதித்துவிடும்; அதனை வடித்தல் வேண்டியதில்லை. ஆனால் வாய் கொப்பளிக்கும் நீரும், சம்பலுக்கு அரியும் வெங்காயத்தையும் பச்சையாக உண்ணும் பழத்தையுங் கழுவும் நீரும் குடிநீராகவே கொள்ளப்படுதல் வேண்டும். இவற்றையுஞ் சேர்த்தால் நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 100 லீற்றரையும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தலே தலைசிறந்த முறை. நீர் நன்கு கொதித்துக் குமிழியெழ ஒரு நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் மாய்ந்தொழியும். ஹோட்டன் சமவெளி போன்று 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலே கொதிப்பதால் மூன்று நிமிடம் விடுதல் வேண்டும். இதில் ஐயமில்லை. ஆயினும் 100 லீற்றரைக் கொதிப்பிக்க விறகுக்கு எங்கே போவது? ஒதுக்குக் காடுகளில் மரந் தறித்தல் குற்றம். கொதித்த நீர் ஆறுவதற்கு அரை நாட் செல்லும். நாவறண்டு வரும் பதின்மூன்று வயதுச் சிறுவன் கிடாரத்தின் அருகே பொறுமையோடு காத்திருப்பான் என எண்ணுபவர் அவ்வயதுச் சிறுவரை அறியாதவர். அவன் வாய்க்காலிலே குனிந்து அள்ளிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பான். கடையிற் போத்தல் நீர் வாங்கிச் செல்லலாமெனின், மூன்று நாளைக்கு 300 கிலோகிராம் பாரம். திரும்பி வரும்போது காட்டிலே கிடக்கும் வெறும் போத்தல்கள் வேறு.

நகரத்து வீடுகளில் ‘பில்ரர்’ என வழங்கும் இருதட்டுப் பாத்திரத்தை அனைவரும் அறிவர். மேற்றட்டில் வெண்ணிற மெழுகுதிரி போன்ற சுடுமண் தண்டு இரண்டு நிற்கும். அதுவும் புவியீர்ப்பினாலேயே இயங்குவது. ஒரு வீட்டுக்குப் போதுமானது. எனினும் ஒரு தண்டு மணிக்கு ஒன்று அல்லது இரண்டு லீற்றரையே வடிக்கும். இரண்டு தண்டுகளும் சேர்ந்து மணிக்கு 3 லீற்றர் தந்தாலும் எமது 100 லீற்றருக்கு 33 மணித்தியாலஞ் செல்லும். ஒரு நாளில் உள்ளவையோ 24. ஆகவே பாசறைக்கு உரியது, உயரத்திலே பை ஒன்றைத் தொங்கவிட்டு நுண்ணிழைகளூடாக நீரை இறக்கும் இக்காலத்துப் புவியீர்ப்பு வடிகட்டியேயாம். கலங்கலற்ற நீராயின் அது நிமிடத்துக்கு ஒரு லீற்றரளவு தரும். காலையும் மாலையும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் நாளின் தேவை முடிந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம், கையால் அழுத்தும் உழைப்பும் வேண்டாம்.

வடிகட்டல் புதிதாக மேல்நாட்டார் எமக்குக் கற்பித்த வித்தையன்று. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் கடலோரத்து மக்கள் மணலைத் தோண்டிப் பூவல் எடுத்து ஊறும் நீரைக் குடித்தனர். அங்கே மணலே வடிகட்டி. கலங்கிய நீருள்ள பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்துவிட, மண் அடியிற் படிந்து நீர் தெளிதலைக் கலித்தொகைப் புலவர் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றார். அம்மரத்துக்கு அங்கே வழங்கும் பெயர் ‘இல்லம்’. அவ்வித்திலும் முருங்கை விதையிலும் உள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டுவித்துத் திரளச் செய்கின்றன என்பது பிற்கால ஆய்வினாற் புலப்பட்டது. தெளிவித்தலுக்கும் ஆறுதல் கூறுதலுக்கும் ‘தேற்றுதல்’ என்னும் ஒரே சொல் அமைந்திருத்தலை மாணவர் கவனித்தல் நன்று.

ஆனால் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று. எமது பாடத்தின் அச்சாணி இதுவே; மாணவர் எளிதில் ஏற்றுக்கொள்ளாததும் இதுவே. கண்ணாடி போலிருக்கும் ஓடை நீரில் நெருப்புக்காய்ச்சற் கிருமி இருத்தல் கூடும். 1892 இல் ஜேர்மனியின் ஹம்பேக் நகரத்தில் வாந்திபேதி பரவி 8,600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரத்தார் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டுக் குடித்தனர். அதனோடு ஒட்டிக் கிடந்த அல்ற்றோனா நகரமோ, ஹம்பேக்கின் கழிவெல்லாம் கலந்த பின்னர் அதே ஆற்றின் கீழ்ப்புறத்திலே நீர் எடுத்தது. எனினும் மணற்படுக்கையூடாக வடித்தே வழங்கிற்று. இரு நகரங்களுக்கும் பொதுவான தெரு ஒன்றில் ஹம்பேக் நீர் குடித்த பக்கத்திலே நோய் பரவ, அல்ற்றோனா நீர் குடித்த பக்கம் தப்பிற்று. அடுத்த ஆண்டிலே ஹம்பேக்கும் மணல் வடிகட்டியை அமைத்துக்கொண்டது. உயிர்ச்சேதத்தின் பின்னரே சில நகரங்களுக்குப் புத்தி வருகின்றது.

நிற்க. இப்பொழுது வடிகட்டியின் உள்ளமைப்பைப் பார்ப்போம். கைக்கு அடங்கிய ஒரு குழலினுள்ளே உட்டுளையுடைய மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கிற் செறிந்திருக்கும். இடியப்ப உரலினின்றும் வந்த இழைகளுக்குள்ளே துளை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்க. அவ்விழைகளின் சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள. அழுக்கு நீர் இழையின் புறத்தே நின்று அந்நுண்துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, துளைவழியே ஓடி வெளிவருகின்றது. நுண்துளையின் அளவு 0.1 அல்லது 0.2 மைக்குரோன். மைக்குரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கியதில் ஒரு கூறு; எமது தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்குரோன். சீதபேதியை உண்டாக்கும் அமீபாவின் சிறைப்பை 10 மைக்குரோனுக்குக் குறையாதது. கிரிப்டொஸ்பொரிடியம் என்பது 4 முதல் 6 மைக்குரோன். வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் பற்றீரியாக்கள் அரை மைக்குரோன் தடிப்போ அதற்குச் சற்று மேலோ உடையன. இவை அனைத்தும் இழையின் புறத்தே தடையுண்டு நிற்கும்.

நன்னூலார் மாணாக்கருட் கடைப்பட்டோருக்கு உவமையாகக் கூறியவற்றுள் நெய்யரியும் ஒன்று. நெய்யைப் போகவிட்டுக் கசடைப் பற்றி நிற்பதால் அதற்கு அந்த இழிவு. பாசறையில் அந்த இழிகுணமே பெருங்குணமாகிவிடுகின்றது. வகுப்பிலே பின்வாங்கில் இருப்போர் இதனைக் கேட்டு மகிழ்வர்.

இனி, இக்கருவியால் இயலாதவற்றையுஞ் சொல்லுதல் எமது கடமை. விற்பனைக்காரர் இவ்விடத்தில் வாய் திறப்பதில்லை.

செங்கண்மாரியை உண்டாக்கும் ஈரலழற்சி ‘ஏ’ வைரசின் குறுக்களவு 0.03 மைக்குரோனளவே. 0.1 மைக்குரோன் துளை அதற்கு அகலத் திறந்த படலை. 2009 இல் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலே செங்கண்மாரி பரவியதை எம்மவர் மறந்திருக்க முடியாது. (நாம் எமது மாணவரின் கூடாரங்களை ‘முகாம்’ என்னாது ‘பாசறை’ என்றே வழங்கிவருவதற்குச் சொல்லழகு மாத்திரம் காரணமன்று.) ஆகவே மனிதர் நெருங்கி வாழும் இடத்து நீரையோ, மலசலகூடங்களுக்கு அண்மையிலுள்ள கிணற்று நீரையோ எடுக்க நேரின், வடித்த பின்னர் குளோரீன் வில்லை இட்டு, உறையிற் குறித்த அளவும் நேரமும் தவறாது காத்திருத்தல் வேண்டும். இதிலே ஒரு பொருத்தம் உண்டு. கிரிப்டொஸ்பொரிடியம் குளோரீனுக்கு இலேசில் மசியாது, ஆனால் வடிகட்டியிற் சிக்கும். வைரசு வடிகட்டிக்குத் தப்பும், ஆனால் குளோரீனுக்குத் தப்பாது. ஒன்று விட்டதை மற்றையது பிடிக்கும். வடித்த பின்னரே குளோரீன் இடவேண்டும் என்பதற்குங் காரணம் உண்டு: கலங்கல் நீரிலுள்ள அழுக்கே குளோரீனின் வலிமையைத் தின்றுவிடும்.

எலிக்காய்ச்சற் கிருமி பற்றீரியாவேயாயினும் திருகுசுருள் வடிவினது. நீளம் மிகுதியாயினும் தடிப்பு 0.1 மைக்குரோனளவே. 0.2 மைக்குரோன் துளையினூடாக அது நெளிந்து சென்றுவிட வல்லது. 2024 மார்கழியில், வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டதை யாவரும் அறிவர். அந்நோய் குடிநீரைக் காட்டிலும், காலிற் புண்ணோடு சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்குவதாலேயே பெரிதும் பற்றுவது. ஆதலால் வடிகட்டி இருக்கின்றதென்ற துணிவில் மாணவரை எந்தக் குளத்திலும் குதித்து நீராடவிடுதல் தகாது. மாரி காலத்திற் பாசறை அமைப்பதாயின் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்னரே கண்டு கேட்டறிக. அவருக்கு அவ்வூர்க் குளமுங் கிணறும் தெரியும்.

கரைந்திருக்கும் பொருள்களை இவ்வடிகட்டி தொடுவதேயில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரின் கடினமும், தோட்டங்களுக்கு இட்ட உரத்தால் ஏறிய நைத்திரேற்றும், வடமத்திய மாகாணத்து நீரிலுள்ள புளோரைட்டும், கடலோரத்து உவர்ப்பும் உள்ளவாறே வெளிவரும். வயல்வாய்க்கால் நீரிலே பூச்சிநாசினி கலந்திருப்பின் அதுவும் அப்படியே. குளத்தின்மேற் பச்சைப் படலம் திரண்டிருந்தால் அதிலுள்ள நச்சுப்பொருளைக் கொதிப்பித்தலும் நீக்காது. அத்தகைய நீரை விட்டு விலகுவதே வழி. இடத்தைத் தெரிவுசெய்தல் வடிகட்டலுக்கு முந்திய வடிகட்டல் என்க.

அடுத்து உயரத்தின் சங்கதி. மேலே தொங்கும் பை பெரிதாயிருந்தால் நீர் விரைந்து இறங்கும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அமுக்கத்தை நிருணயிப்பது நீரின் அளவன்று, உயரமே. ஒரு மீற்றர் உயர நீர், வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்களவு அமுக்கத்தைத் தரும்; அந்நீர் கிடாரத்தில் நின்றாலென்ன, விரற்பருமன் குழாயில் நின்றாலென்ன, வேறுபாடில்லை. பிரான்சு நாட்டிலே டிஜோன் நகருக்கு நீர்வழங்கல் அமைத்த ஹென்றி டார்சி என்னும் பொறியியலாளர் மணற்குழாய்களில் நீரைச் செலுத்திப் பார்த்து, உயரம் இருமடங்காயின் வடியும் நீரும் இருமடங்காகும் என 1856 இலே எழுதிவைத்தார். அவருடைய விதி எமது நாவல்மரக் கிளைக்கும் பொருந்தும். ஒரு மீற்றரிலே தொங்கிய பையை இரண்டு மீற்றருக்கு உயர்த்தினால் ஒன்றரை மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலத்தில் முடியும்.

அளக்கவேண்டிய உயரம், மேற்பையின் நீர்மட்டத்திலிருந்து குழாயின் கீழ்முனை வரையுள்ளது. வடிகட்டியை எங்கே பொருத்தினாலும் அதற்குக் கீழுள்ள குழாயும், நீர் நிரம்பியிருக்கும் வரை, இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே மரக்கிளை தாழ்ந்திருந்தால் நெடுங்குழாயை விட்டு வாளியைப் பள்ளத்திலே வைப்பது ஒரு தந்திரம். நீர் திடீரென நின்றுவிட்டால் வடிகட்டி பழுதாயிற்று என்று முடிவுகட்டற்க. இழைகளிடையே வளிக்குமிழி அகப்பட்டிருக்கும். கீழ்வாளியை மேற்பையினும் உயரத் தூக்கிச் சிறிது நீரைப் பின்னோக்கி ஓடவிட்டால் குமிழி மேலேறி மறையும். பத்து லீற்றர்ப் பை பத்துக் கிலோகிராம் பாரம் என்பதை மறவாது, உலர்ந்த கிளையை விட்டுப் பச்சைக் கிளையைத் தெரிவுசெய்க. நீரூற்றும் நேரத்திற் பையைத் தாழ்த்தக் கயிற்றை மடக்கிக் கட்டுதல் சாரணருக்கு நாம் கற்பிக்கவேண்டிய வித்தையன்று.

கலங்கல் நீரை நேரே ஊற்றினால் எந்த வடிகட்டியும் நான்கு தடவையில் அடைத்துவிடும். முதல்நாள் மாலையே வாளிகளில் மொண்டு வைத்து, மண் படிந்தபின் மேல்நீரை மாத்திரம் பழைய பருத்திச் சேலைத்துணி வழியாக இறுத்து ஊற்றுதல் வேண்டும். பழைய சேலை என்றதைக் கவனிக்க. பலமுறை துவைத்த நூல் நெகிழ்ந்து இடைவெளிகளை நெருக்குவதால் புதுத்துணியினும் பழந்துணியே நன்றாக வடிக்கும். வங்காளதேசத்து மற்லாப் பகுதிக் கிராமங்களிற் பெண்கள் பழைய சேலையைப் பல மடிப்பாக்கி நீர் இறுத்தமையால் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்ததென 2003 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அக்கிருமி நீரிலுள்ள நுண்ணுயிரிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழ்வதால், அவை துணியிற் சிக்கும்போது கிருமியுஞ் சிக்குகின்றது. பேர்த்தியார் காலத்துச் சேலை ஒன்றை மூட்டையில் வைத்துக்கொள்ளுமாறு மாணவருக்குச் சொல்லுகின்றோம்.

கருவி குற்றமற்றதாயிருந்தும் மனிதர் கையாற் கெடுவதுண்டு. அயற்பள்ளியொன்றின் பாசறைக்கு நாம் விருந்தினராகச் சென்றிருந்தபோது, விலையுயர்ந்த வடிகட்டி ஒன்று முறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் மூன்றாம் நாட் காலையில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரு சிறுவன் எழுந்து நிற்கவும் வலுவின்றி வாகனத்தில் ஏற்றப்பட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டான். வடித்த நீர் மூடியற்ற கிடாரத்தில் நின்றது. அவரவர் தத்தம் பேணியோடு கையையும் அதனுள் விட்டு மொண்டனர். அழுக்கு நீர் மொள்ளும் வாளியும் அதே நிறம், அதே அளவு. இருட்டிலே எது எதுவென யாருக்குத் தெரியும்? அச்சிறுவன் நான்கு நாளின் பின் தேறி வீடு சென்றான்.

ஆதலால் எமது குழுவில் வகுத்துள்ள ஒழுங்கு இது. அழுக்கு நீர்க்கலங்கள் யாவற்றுக்குஞ் சிவப்புத் துணி கட்டப்படும். வடித்த நீர்க்கலங்களுக்கு வெள்ளை. வடித்த நீர் திருகுகுழாயும் மூடியும் உள்ள கலத்திலேயே நிற்கும். அதனுள் எப்பாத்திரமும் இறங்கலாகாது. வடிகட்டிக்குப் பொறுப்பான இரு மாணவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே குழாயைத் தொடுவர். அவர்கள் அன்று மலசலகூடக் குழி வெட்டும் வேலைக்குச் செல்லார். வடித்த நீர் வெளிவரும் குழாய்முனை நிலத்தில் விழுந்துவிட்டால் அதனைக் குளோரீன் நீரில் தோய்த்தெடுத்த பின்னரே மீண்டும் பயன்படுத்துவர். இவ்வேலை தண்டனையாகக் கொடுக்கப்படுவதில்லை. அணித்தலைவர்களே முதல்நாட் பொறுப்பை ஏற்பர். நீர் கொடுப்பவனுக்குக் குழுவில் ஒரு மதிப்பு இருத்தல் வேண்டும் என்பதில் நாம் பிடிவாதமாகவே இருக்கின்றோம். 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு குடாநாட்டுத் தெருக்களில் நிரம்பி நின்ற சனங்கள் குடையை மலர்த்திப் பிடித்து மழைநீரை ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கினர். அவ்விரவைக் கடந்தவர்கள் பலர் இம்மலரைப் படிப்பவருள் இருக்கின்றனர். அவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டங்களுக்கும் இம்முறை உகந்ததே. உகந்தை முருகன் கோயிலைக் கடந்து குமண, யால காடுகளினூடே செல்லும் நாட்களில் கும்புக்கன் ஓயா போன்ற ஆறுகளே துணை. அதே ஆற்றில் அடியாரும் நீராடுவர், விலங்கும் இறங்கும். அங்கு வடிகட்டியோடு குளோரீன் வில்லையும் கட்டாயம் வேண்டும். ஆண்டுதோறும் யாத்திரை செல்லும் பழைய மாணவர் சிலர் இவ்வாண்டு இதனைச் செய்து பார்ப்பதாக எம்மிடம் கூறியுள்ளனர்.

பாசறை முடிந்து திரும்பிய பின் செய்யவேண்டியதே பெரும்பாலும் கைவிடப்படுவது. வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவி, அழுக்கற்ற நீர் வெளிவரும் வரை ஓடவிட்டு, ஈற்றிற் சிறிது குளோரீன் கலந்த நீரைச் செலுத்தி, நிழலிலே பல நாள் உலரவிடல் வேண்டும். ஈரத்தோடு பையிற் சுருட்டி வைத்தால் அடுத்த விடுமுறையில் அது பூஞ்சணக் கூடாக இருக்கும். நுவரெலியாவில் உறைபனி விழும் தை மாத இரவிற் பாசறை அமைப்போர் நனைந்த வடிகட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குக. ஒருமுறை உள்நீர் உறைந்தால் இழைகள் வெடித்துவிடும், வெளியே எவ்வித அடையாளமுந் தெரியாது.

எமது குழுவிடம் இப்பொழுது உள்ள வடிகட்டி ஒன்றே. அது வழியில் அடைத்தாலோ உடைந்தாலோ 26 பேருக்கும் விறகடுப்பே கதி. விழா ஆண்டில் வாயில்வளைவுக்கும் கல்வெட்டுக்கும் உதவ முன்வந்துள்ள அன்பர்களுள் எவரேனும் இன்னொரு வடிகட்டியையும் இரண்டு திருகுகுழாய்க் கலங்களையும் வாங்கித்தர விரும்பின், சனிக்கிழமை காலை விளையாட்டுத்திடற் கிணற்றடிக்கு வருக. மாணவர் பையை வேப்பங்கிளையில் ஏற்றி, வடித்துக் காட்டி, ஒரு பேணி நீருந் தருவர்.